குமிழ் வைத்தது யார்?

"கார்டைக் கழட்டி இங்க போடு!"

ஜி.எம். தன் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார். அவர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே வேலை செய்வது போல் குனிந்துகொண்டார்கள்.

டிசைனர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்தபடி நின்றாள். அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். ஒரு கோடு மயிரிழை நகர்ந்தாலும் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்து வரப்போகும் ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டை வரைந்தவள் அவள்தான். பூட்டிப் பூட்டி வைத்த அந்த டேஷ்போர்டு படம்தான் காலையிலிருந்து ஊரார் போனிலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நான் யாருக்கும் அனுப்பல சார்."

"நீ அனுப்பல, நான் அனுப்பல, படத்துக்குக் கால் முளைச்சுதா? கீழ என்ன எழுதியிருக்கான் பாரு! 'இது ஸ்போர்ட்ஸ் காரா, வாஷிங் மெஷினா?'ன்னு கேக்கறான். நடுவுல இவ்ளோ பெரிய திருகு குமிழை வெக்கச் சொல்லி யாரு அழுதா?"

"அதுதான் சார் எனக்கும் புரியல. நான் குமிழே வரையல. என் படத்துல எல்லாமே டச் ஸ்கிரீன்தான்."

"அப்ப குமிழ் என்ன வானத்துல இருந்து குதிச்சுதா?"

அவள் மூலையில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி மேடத்தைப் பாவமாகப் பார்த்தாள். ரகசியப் படங்களை அவளிடமிருந்து வாங்கி, பார்க்க வேண்டிய பெரிய மனிதர்களுக்கு அனுப்பிவைப்பது மேடத்தின் பொறுப்பு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர் அவர். அப்போதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்களுக்கு அனுப்பின படத்தைப் பார்த்தீங்களா சார்?"

"எனக்கு எங்க மேடம் நேரம்? அந்த மெயிலைத் திறக்கவே இல்ல. இந்தக் கண்றாவியே காலைல என் மச்சான் போன் பண்ணிச் சொல்லித்தான் தெரியும்."

மேடம் தலையாட்டிக்கொண்டார்.

டிசைனருக்கு அழுகை முட்டியது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். ரகசியத்தை வெளியே விட்டவள் என்று பெயர் வந்துவிட்டால், இந்தத் தொழிலில் எந்தக் கம்பெனி அவளை வாசல்படி ஏற்றும்? அதுவும் வரையாத குமிழுக்கு! அட்டையைக் கழற்றித் தட்டில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜி.எம்.மின் போன் அடித்தது. முதலாளி. ஜி.எம். எழுந்து நின்று ஸ்பீக்கரைப் போட்டார். விழப்போகிற திட்டு அவள் காதிலும் விழட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

"யாருய்யா அந்தக் குமிழை வெச்சது?"

"அந்த டிசைனர் பொண்ணுதாங்கய்யா. இப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அட அறிவு கெட்டவனே! மத்தியானத்துல இருந்து காத்து மாறிடுச்சு, பார்க்கலியா? கார் பத்தி எழுதறவங்க எல்லாம் தலைல தூக்கி வெச்சுட்டு ஆடறாங்க. 'கைக்கு மரியாதை கொடுத்த கார்'ங்கறான் ஒருத்தன். 'பல வருஷ ஆராய்ச்சி தெரியுது'ங்கறான் இன்னொருத்தன். விலையே சொல்லல, அதுக்குள்ள புக்கிங் கேக்கறாங்க!"

ஜி.எம். ஒரு விநாடி விழித்தார். மறு விநாடி பிளேட்டை அப்படியே திருப்பிப் போட்டார்.

"ஐயா, நான் இன்னும் முழுசா சொல்லி முடிக்கலீங்க. இந்தப் பொண்ணு குமிழே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. நான்தான் வெச்சே ஆகணும்னு அடிச்சுச் சொன்னேன். யோசனை நம்மளோடதுங்க."

டிசைனர் திரும்பி மேடத்தைப் பார்த்தாள். இப்படியும் ஒரு மனுஷன் கூசாமல் பேசுவானா?

"அதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?" மேடம் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு வேற யாராவது சொந்தம் கொண்டாடிட்டா?"

"நல்லா கேட்டீங்க போங்க!" ஜி.எம். லேப்டாப்பைத் தட்டி, அவர்கள் பக்கம் திருப்பினார். "போன வாரம் நீங்க எனக்கு அனுப்பின படம். நடுவுல என்ன இருக்கு? குமிழ் இருக்கா, இல்லியா? தினமும் பார்த்துப் பார்த்து ரசிச்ச படம் மேடம் இது!"

"இருக்கு சார். ஆனா கொஞ்ச முன்னாடிதான், அந்த மெயிலைத் திறக்கவே இல்லைன்னீங்களே."

ஜி.எம்.மின் கை லேப்டாப் மேலேயே நின்றது.

"இந்தத் தடவை ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணை மாத்தி அனுப்பினேன் சார். விளம்பரக்காரங்க படத்துல ஸ்பீடோமீட்டர் ஊசி சிவப்பு. என்ஜினியர் படத்துல கடிகாரம் இடது பக்கம். எது வெளிய வந்தாலும் யாரு மூலமா வந்துச்சுன்னு தெரியணுமில்ல? குமிழ் உங்க படத்துல மட்டும்தான்."

"அப்ப வெளிய விட்டது நீதானாய்யா?" ஸ்பீக்கரில் முதலாளி கத்தினார்.

"மச்சான்கிட்ட மட்டும்தான்... சும்மா ஒரு பெருமைக்கு..." ஜி.எம். லேப்டாப்பைச் சட்டென்று மூடினார்.

மேடம் தட்டிலிருந்த அட்டையை எடுத்து டிசைனர் கையில் கொடுத்தார். காலித் தட்டை ஜி.எம். பக்கம் நகர்த்தினார்.

"அவனை நான் அப்புறம் பார்த்துக்கறேன்," என்றார் முதலாளி. "அந்தக் குமிழை டிசைன் பண்ணின மேதை யாரு மேடம்? முதல்ல அதைச் சொல்லுங்க."

"டிசைன் எல்லாம் இல்லீங்கய்யா. எங்க வீட்டு கேஸ் அடுப்புல இருக்கறதுதான். போட்டோ எடுத்து ஒட்டினேன்."

முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இந்த விஷயம் மட்டும் அந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது."