மாசம் ஒரு போட்டோ

"அண்ணன் கூடவே இருக்கறது நீங்க. போட்டோவுல கூட இருக்கறது பெரியவன். இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

ஊரிலிருந்து வந்த அத்தை பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள். மாமனாரின் தங்கை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விசாரணையும் அவள்தான், தீர்ப்பும் அவள்தான். மேல்முறையீடு கிடையாது.

சின்ன மருமகள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

"தூக்கி உட்கார வைக்கவே ரெண்டு கையும் வேண்டியிருக்கு அத்தை. மூணாவது கை முளைச்சா கட்டாயம் போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

விஷயம் இதுதான். மருமகளுக்குப் பித்தப்பையில் கல். அடுத்த வாரம் ஆபரேஷன். ஒரு மாசம் மட்டும் மாமனாரைப் பெரியவன் வைத்துக்கொள்ள முடியுமா என்று குழுவில் கேட்டாள். பெரியவன் பொங்கிவிட்டான். 'மாசா மாசம் வேலையை விட்டுட்டு ஓடிவந்து அப்பாவைப் பார்த்துட்டுப் போறவன் நான். இதுக்கு மேல என்ன செய்யணும்?'

அத்தை உடனே நாலு கைதட்டல் போட்டாள். போட்டதோடு நிற்காமல், நேரில் தீர்ப்புச் சொல்லக் கிளம்பியும் வந்துவிட்டாள்.

"அவர் மாசா மாசம் எங்க வந்தார்? போன வருஷம் நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப, ஒரே ஒரு நாள் வந்து மாமா கூட இருந்தார். அதோட சரி."

"ஒரு நாளா? அப்ப நீலச் சட்டை, கட்டம் போட்ட சட்டை, கோடு போட்ட சட்டைன்னு மாசம் ஒரு போட்டோ வந்துதே, அதெல்லாம் வானத்துலேருந்து விழுந்துதா?"

"பழைய போட்டோவா இருக்கும்."

"பழசா? எல்லாத்துலயும் அண்ணன் தாடையில பிளாஸ்டர். சவரம் பண்றப்ப வெட்டின காயம் ஒரு வருஷமாவா ஆறாம இருக்கும்? அதைக் கவனிக்கக்கூட இந்த வீட்டுல ஆள் இல்ல."

அதற்குள் பெரியவனே போனில் வந்தான். அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, வந்து சேர்ந்துட்டீங்களா? நான் புது போன் வாங்கியிருக்கேன். பழைய போன்ல இருந்த போட்டோ எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்தியாச்சு. அப்பா போட்டோ மொத்தத்தையும் ஃபேமிலி ஃபோல்டர்ல ஷேர் பண்ணியிருக்கேன். டிவியில போட்டுப் பாருங்க. யாரு பார்த்துக்கறா, யாரு பேச்சு மட்டும் பேசறான்னு உங்களுக்கே தெரியும்."

"கேட்டியா?" என்பதுபோல் மருமகளைப் பார்த்தாள் அத்தை.

மருமகள் டிவியைப் போட்டாள். சக்கர நாற்காலியிலிருந்த மாமனாரைத் திருப்பி, டிவிக்கு எதிரே நிறுத்தினாள்.

ஃபோல்டர் திறந்தது. நீலச் சட்டையில் பெரியவன், பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் மாமனார். கட்டம் போட்டதில் பெரியவன், பழுப்பில் மாமனார். கோடு போட்டதில் இவன், பச்சையில் அவர். சோபாவில், பால்கனியில், சாப்பாட்டு மேஜையில், அப்போதுதான் வந்து இறங்கினவன்போல் வாசற்படியில். எல்லாவற்றிலும் தாடையில் அதே பிளாஸ்டர், ஒரே கோணலில்.

எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பு மாதிரி ஒரே ஒரு தேதி. போன வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

அத்தை எழுந்து டிவியின் அருகே போய் ஒருமுறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"எப்படி வந்திருக்கு அத்தை?" என்றது போன்.

"நல்லா வந்திருக்குடா. எல்லாம் ஒரே நாள்ல வந்திருக்கு."

"அது... இப்பதானே ஏத்தினேன். அதான் ஒரே தேதி காட்டுது."

"ஏத்தினது இன்னிக்கு. இதுல போன வருஷம்னு போட்டிருக்கு. நீ மாசம் ஒண்ணா அனுப்பினாலும், போட்டோ எடுத்தது என்னிக்குன்னு அது மறக்காது போலிருக்கே."

அத்தை போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சனிக்கிழமை கார் எடுத்துக்கிட்டு வர்ற. அப்பாவை ஒரு மாசம் கூட்டிட்டுப் போற. இல்லேன்னா இந்த ஃபோல்டரை உன் மாமனார் வீடு வரைக்கும் நான் ஷேர் பண்ணுவேன். எப்படின்னு எனக்குத் தெரியாது, கத்துக்கிட்டாவது பண்ணுவேன்."

"...சரி அத்தை."

போனை வைத்தாள். மருமகள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால், கோபத்தை அண்ணன்மேல் திருப்பினாள்.

"அவன்தான் அப்படின்னா, நீயும் சேர்ந்து சட்டை மாத்தி மாத்தி உட்கார்ந்திருக்கியே, உனக்கு வெட்கமா இல்ல?"

மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒவ்வொரு சட்டைக்கும் அவனேதான் பட்டன் போட்டு விட்டான்" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "பெட்டியில சட்டை மட்டும் நிறைய வைம்மா."