ஐஸ் பெட்டி

மகள் குடையை விரித்து நீட்டினாள். அம்மா வாங்கவில்லை.

"எனக்கு வெய்யில் புதுசே?"

சொல்லிவிட்டு வீதியின் வெயில் பக்கமாகவே நடந்தாள் அம்மா. மகள் நிழல் பக்கம். நடுவில் ஓட்டோக்கள்.

காலை ஒன்பது மணிதான். அதற்குள் திருகோணமலையின் காற்று நனைந்த துவாயாய் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

நிழல் பார்த்து நடக்க மகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கால்கள் தாமாகவே படித்துக்கொண்டன.

நோர்வேயின் வடகரையில், வருடத்தில் பாதி பனி கிடக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவள். இங்கே வேலைக்கு வந்த புதிதில் படாத பாடு பட்டாள். உப்பு ஜாடிக்குள் தண்ணீராய் நின்றது. தோல் சப்பாத்தில் பச்சையாய்ப் பூஞ்சணம் பூத்தது. குளித்துவிட்டுத் துடைக்கத் துடைக்க வேர்த்தது. எது தண்ணீர், எது வேர்வை என்று தெரியாமல் குளியலறையிலேயே நின்று அழுதிருக்கிறாள்.

தொலைபேசியில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐஸ் பெட்டிக்குள்ள வளந்த பிள்ளை! தலைக்கு நல்லெண்ணெய் வை. மத்தியானத்தில வெளிய திரியாத. எல்லாம் பழகிடும்."

பழகிவிட்டது.

உப்புக்குள் நாலு அரிசி போட்டு வைக்கிறாள். வெயில் ஏறுமுன் ஜன்னல்களைச் சாத்துகிறாள். பின்னேரம் இன்னொரு தடவை குளிக்காவிட்டால் அவளுக்கு நாள் முடிந்ததாகவே இல்லை.

இப்போது அம்மா வந்திருக்கிறாள். ஒரேயடியாக இருந்துவிடுகிற எண்ணத்தோடு.

விமான நிலையத்து வாசலில் சூடான காற்று முகத்தில் அடித்தபோது, அம்மா அதை மூக்கு நிறைய இழுத்தாள். எங்கட காத்து என்றாள். மறுநாள் காலையிலிருந்து அந்தப் பேச்சு இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு காணி பார்த்தாயிற்று. இன்று பின்னேரம் தரகர் நவரத்தினம் பதில் கேட்டு வருவார். அம்மா ஓம் என்றால் காணி அம்மாவுக்கு. அங்கே நோர்வேயில் இருக்கிற வீட்டை விற்றுவிட வேண்டியதுதான்.

அந்த ஒரு ஓமுக்காக மகள் எப்படி ஏங்குகிறாள் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

ஆனால் அம்மாவின் கழுத்து முழுக்க வேர்க்குரு. கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் இரவிலும் மறைவதில்லை. நேற்று மதியம் சமையலறையில் குளிர்சாதனப்பெட்டியைத் திறந்து வைத்து, அதன்முன் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மகள் வரும் சத்தம் கேட்டதும் அவசரமாய் ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டாள்.

நேற்றைய சமையலில் தக்காளி எதிலும் இல்லை.



அங்கே மீன் தொழிற்சாலையில் இளமை முழுவதையும் நின்று கழித்தவள் அம்மா. ஐஸுக்குள்ளிருந்து மீனை எடுப்பதும், முள் நீக்கித் துண்டு போடுவதும்தான் வேலை. வீட்டுக்கு வந்ததும் கைகளை வெந்நீரில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வாள். பிறகு, அப்போது சிறுமியாயிருந்த மகள் அந்தக் கைகளை இழுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொள்வாள்.

இந்தக் குளிர் எங்கட உடம்புக்கு இல்லை பிள்ளை, ஊருக்குப் போனால் கை தானாச் சுகமாயிடும் என்பாள் அம்மா.

அதைக் கேட்டே வளர்ந்தவள். தான் முன்னால் போனால் அம்மா பின்னால் வருவாள் என்றுதான் இங்கே வேலை தேடினாள்.

சந்தை வந்தது.

தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் இரட்டிப்பாய் இருந்தது. அம்மாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. உதடு வெளுத்திருந்தது. இருந்தும் முந்திக்கொண்டு போய் மீன்காரர் முன்னால் நின்றாள்.

மகள் விளைமீனைக் காட்டி விலை கேட்டாள்.

அம்மா ஐஸ் பெட்டியின் மேல் குனிந்தாள். செவுளைப் பார்க்கத்தான் குனிகிறாள் என்று மகள் நினைத்தாள்.

அம்மா இரண்டு கைகளையும் ஐஸுக்குள் விட்டாள்.

மணிக்கட்டு வரைக்கும். பிறகு முழங்கை வரைக்கும்.

எடுக்கவில்லை.

தோள்கள் மெல்ல இறங்கின. நெற்றி விரிந்தது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

வந்த நாளிலிருந்து மகள் காணாத முகம் அது. அங்கே, பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஜன்னலோரம் இருந்து கோப்பி குடிக்கும்போது அம்மாவுக்கு அந்த முகம் இருக்கும்.

மீன்காரர் பதறிவிட்டார்.

"கை விறைச்சுப் போகும் அம்மா. எடுங்கோ."

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"பரவாயில்லைத் தம்பி. இது பழகின கை."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். சட்டென்று கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். கைகளை வெளியே எடுக்கப் போனாள்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விளைமீன் வேண்டாம் என்றாள் மீன்காரரிடம். பாரை என்ன விலை என்று கேட்டாள். விலை கூடுதல் என்றாள். அப்படியானால் சூரை? அதுவும் கூடுதல். நேற்று இதைவிட நல்ல மீன் கிடந்ததே என்றாள். இது இன்று காலை வந்த மீன் என்று மீன்காரர் சத்தியம் பண்ணத் தொடங்கினார்.

ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கைகள் இன்னும் ஐஸுக்குள்தான் இருந்தன.

வீட்டில் இருவருமே தின்னாத சுறாவைக் காட்டி, மகள் ஆற அமரப் பேரம் பேசத் தொடங்கினாள்.