கறுப்புப் பிடங்கு

ஒரு ஊரிலே ஒரு அம்மா இருந்தா. ராசாவும் இல்லை, ராணியும் இல்லை. ஊர் தோட்டவெளி, வேலை நண்டுக் கொம்பனியில். பெயர் செலீனா. அவவுக்குத் துவக்கென்றால், துப்பாக்கியென்றால் ஆகாது.

கோயில் திருநாளுக்கு வெடி கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவா. யுத்தம் முடிந்த கையோடு, சண்டை நடந்த வெள்ளாங்குளப் பக்கமிருந்து கலியாணம் கட்டி வந்தவ. அதற்கு முந்தி எங்கே இருந்தவ, என்ன செய்தவ என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவவின் மகள் ஜெயனி, பள்ளிக்கூடத்தின் காற்றுத்துவக்கு ரீமில், சுடுகிற அணியில்!

கொழும்புப் போட்டிக்கு ஒரு இடம்தான். ஒன்று ஜெயனி, இல்லாவிட்டால் சுவேதினி.

அன்று காலை முதலில் வந்தவள் ஜெயனி. ரீமைப் பழக்குகிற றெனால்ட் சேர், அன்றுதான் வந்து சேர்ந்த புதுப் பெட்டியை அவளிடமே கொடுத்து உடைக்கச் சொன்னார். உள்ளே குட்டையான கார்பைன் காற்றுத்துவக்கு. அதன் பின்னால் பூட்டித் தோளில் முட்டுக்கொடுக்க இரண்டு பிடங்குகள். ஒன்று மினுக்கிய மரம். மற்றது கறுப்பு, தோளுக்கு ஏற்றபடி நீட்டலாம், சுருக்கலாம்.

"எனக்குக் கறுப்பு, சேர்."

"மரத்துக்கு என்ன குறை?"

"நீளம் சேர். பழைய துவக்கிலயும் இப்பிடித்தான், எட்டிப் பிடிக்க உடம்பு பின்னால சாயுது. குண்டு மேல போகுது."

"சரி. ஆனா அளவை நீதான் பிடிக்கோணும். நான் வைச்சுத் தந்தால் கொழும்பில ஆர் வைச்சுத் தாறது? மத்தியானத்துக்குள்ள சரிவராட்டி மரம்தான். மரமெண்டால் நெட்டைச்சி சுவேதினிதான் போவாள்."

சேரோடு வாதாட ஏலாது. ஒரு புள்ளியைக் கூட்டிச் சொன்ன பிள்ளையையே ரீமைவிட்டு அனுப்பினவர். பொய் அவருக்குப் பொறுக்காது.

ஜெயனி நீட்டினாள், குண்டு மேலே. சுருக்கினாள், மூக்கு முட்டியது. வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினாள்.

வெயில் ஏறச் சுவேதினி வந்தாள். அவளைக் கூட்டி வந்த தகப்பன் கொலின்ஸ் கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"பிள்ளை, விடன் அதை. கொம்மா சீனவெடிக்கே ஓடுறவ. உனக்கு எங்கயிருந்து வரும்?"

"நான் விடமாட்டன் மாமா."

அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டோடு வந்தா. வழக்கம்போலக் கேற்றுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

ஜெயனிக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. "வைச்சிட்டுப் போங்கோம்மா!" கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது.

அம்மா திரும்பினா. மகளின் கண்ணைப் பார்த்தா. கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தா.

"தா."

வாங்கினதும் முதல் வேலையாக, குண்டு இல்லை என்பதைப் பார்த்தா. பிடங்கின் அடியை மகளின் முழங்கை மடிப்பில் வைத்தா.

"விரல் விசைக்கு எட்டுதோ?"

"இல்லையம்மா."

அம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை. பெருவிரல் மட்டும் அசைந்தது. கிளிக். இன்னொரு கிளிக்.

"இப்ப?"

"ஓம்."

"நிமிர்ந்து நில். நீ துவக்கட்டப் போகாத. அது உன்னட்ட வரட்டும்."

ஜெயனி சுட்டாள். நடுப்புள்ளி. திரும்பவும் நடுப்புள்ளி.

கொலின்ஸ் கதிரையைவிட்டு எழும்பினார்.

"செலீனாக்கா, இது நல்லாக் கைபழகின வேலையெல்லோ! எங்க பழகினனீங்கள்? ஆரிட்ட?"

அம்மா கேற்றுப் பக்கம் திரும்பினா. பின்னேரத்துக்குள் தோட்டவெளி முழுக்க இந்தக் கேள்விதான். பிறகு, யுத்தத்தில் யார் யார் நின்றது என்று விசாரிக்கிற புலனாய்வு ஆக்களும் வாசலுக்கு வருவார்கள். ஜெயனிக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது.

"என்னட்டத்தான்," என்றார் றெனால்ட் சேர்.

"உங்களிட்டயோ?"

"ஓம். பயம் தெளியோணும் எண்டு கேட்டவ. போன கிழமை முழுக்க இதே துவக்கில நான்தான் பழக்கினனான். ஏன், நீங்களும் பழகப் போறீங்களோ?"

கொலின்ஸ் அசடு வழிந்துகொண்டு கதிரையில் இருந்தார்.

ஜெயனி சேரைப் பார்த்தாள். காலையில் அவள் கையாலேயே உடைத்த புதுப் பெட்டியை, சேர் காலால் மெல்ல மேசைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வாறன் சேர்," என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தா.