குறையாத செம்பு

‘அமானுஷ்யம்: இச்சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.’ நோட்ஸைப் பார்க்காமல், வீட்டில் கண்டதை எழுதச் சொல்லியிருந்தாள் தமிழ் டீச்சர் பூங்கோதை.

ஆறு பிள்ளைகள் ஒரே சங்கதியை எழுதியிருந்தார்கள். ‘எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு செம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தார். அவர் போன பிறகும் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அது அமானுஷ்யமாக இருந்தது.’

பூங்கோதைக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “ஏலே, யாரப் பாத்து எழுதுனீங்க?”

“யாரயும் பாத்து எழுதல டீச்சர்,” என்றாள் அகரத்திலிருந்து வரும் தர்ஷினி. “எங்க வீட்லயும் அப்படித்தான் நடந்துச்சு.”

“வந்தது யாரு?”

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு, “நீங்கதான் டீச்சர். பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளக் கணக்கெடுக்க வந்தீங்கல்ல,” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ஏறிய வீட்டிலெல்லாம் தண்ணீர் கேட்டது பூங்கோதைக்கு நினைவிருந்தது. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்காததும் நினைவிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு அன்று சாயங்காலம் வீடு சேர்ந்ததும், தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் கணவனிடம் தண்ணீர் கேட்டாள். மில்லில் ஷிப்டு முடித்து வந்திருந்த பாண்டியராஜ் செம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் செல்போனைப் பார்க்கத் தொடங்கினான். அவள் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டைக்குள் குளிர்ச்சி இறங்குவது நன்றாகத் தெரிந்தது. செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே பார்க்கவில்லை.

பாண்டியராஜ் எட்டிப் பார்த்தான்.

“அம்புட்டு அவசரமாக் கேட்ட, குடிக்காம வச்சுட்ட?” என்றான்.