கழன்ற வயர்

லிந்துலை ஏற்றத்தில் வேன் கொதித்து நின்றுவிட்டது.

"பிளைட் போயிரும், சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க!" கணவன் சுதாகரனை விரட்டினாள் நிலக்ஷி. அவன் எவ்வளவு கெஞ்சியும், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்.

மெக்கானிக் பைஸர் பொனட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தார். "ரேடியேட்டர் பேன் சுத்தல. யாரோ வேணும்னே வயரக் கழட்டி விட்டிருக்காங்க." சுதாகரனைப் பார்த்துச் சிரித்தார். "பொண்டாட்டிய அனுப்ப மனசில்லையா தம்பி?"

"சத்தியமா நான் தொடல, பைஸர் நானா."

சொல்லிவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். நிலக்ஷி அவசரமாக விரல்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். அவற்றில் கறுப்பாகக் கிரீஸ் ஒட்டியிருந்தது.

சுதாகரன் மெக்கானிக்கிடம் திரும்பினான்.

"இஞ்சின் நல்லா ஆறட்டும் நானா. அவசரமே இல்ல."