மூன்றாவது கையெழுத்து

விடிந்ததும் தில்லைநாதன் கிணற்றடியில் முகம் கழுவினான். கண்ணாடியை வேலியில் மாட்டி, கன்னத்தில் சவர்க்காரம் பூசினான். மாமா புதுச் சவரப் பிளேட்டைப் பிரித்து நீட்டினார். மாமி இஸ்திரிப் பெட்டியால் அவனுடைய வெள்ளைச் சேட்டை மினுக்கிக்கொண்டிருந்தார்.

“வடிவா வழியும் தம்பி. உந்தத் தாடியோடை போனா, பிளேனுக்குத் திருநீறு பூச வந்த சாமியார் எண்டு வாசலிலையே திருப்பி விடுவாங்கள்.”

மாமா ஏரம்பு நெடுநாளைக்குப் பிறகு பகிடி விட்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒழுங்கையால் போனவர்களுக்கு, மாப்பிள்ளை ஒருவன் புறப்படுவதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

அவனுடைய மனைவி கமலாவதியின் அந்தியேட்டி இன்னும் முடியவில்லை. மனைவிக்குக் கொள்ளி வைத்தவன் முப்பத்தோராம் நாள் வரை முகத்தில் கத்தி வைப்பதில்லை. நல்ல காரியத்துக்கென்று படலை தாண்டுவதுமில்லை.

“செத்த வீட்டுத் துடக்குக் கழியமுன்னம் அனுப்புறியள். அயல் கதைக்கப்போகுது,” என்றார் மாமி.

“கதைக்கட்டும். பிள்ளை கடைசியாச் சொன்னதைவிட அயல் பெரிசோ உமக்கு?”

மாமி சேட்டின் கழுத்துப் பட்டியை இன்னொரு தரம் அழுத்தி மினுக்கினார்.

கமலாவதி கடைசியாகச் சொன்னது அரியாலையில் அந்த ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். வீட்டில் தனியாகக் காய்ச்சலில் கிடந்தவளை அயலவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவளுக்கு நினைவில்லை. அதன் பிறகு வாய் திறக்கவும் இல்லை. அன்று காலை அவளோடு கடைசியாகக் கதைத்தவன் தில்லைநாதன்தான். பலாலி விமானத்தளத்துக்கு வேலை விண்ணப்பம் கொடுக்கப் போனவன் திரும்பி வந்தபோது, வீடு திறந்தபடி கிடந்தது.

செத்த வீட்டில் மாமி அவனுடைய கையை விடவில்லை. “என்ன சொன்னவள் தம்பி? என்ரை பிள்ளை கடைசியா என்ன சொன்னவள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“‘உந்த வேலை உங்களுக்குத்தான் கிடைக்கும், போட்டு வாங்கோ’ எண்டு சொன்னவ, மாமி.”

அதைக் கேட்ட பிறகுதான் மாமி ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார்.

நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டபோது, தான் போகவில்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். மாமா விடவில்லை. “அது அவளின்ரை சொல்லு. நீர் நடக்காட்டி நான் உம்மைத் தோளிலை தூக்கிக்கொண்டு போவன்.”

பலாலியில், பிரதம பரிசோதகர் அடைக்கலநாதன் ஒரு உலோகத் தண்டை மேசையில் வைத்தார். விமானத்தின் சுக்கானை அசைக்கும் தண்டு. அதன் ஆணித் தலைகளைச் சேர்த்து மெல்லிய கம்பி கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தாள்.

“பூட்டினவர் சரி எண்டு கையெழுத்து வைச்சிட்டார். அவருக்கு மேலை உள்ளவரும் வைச்சிட்டார். தரப் பரிசோதகர் நீர். மூண்டாவது கையெழுத்து உம்முடையது. அதைப் போட்டாத்தான் பிளேன் எழும்பும்.”

தில்லைநாதன் பேனையை எடுத்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. கை போகவில்லை. தண்டைத் திருப்பிப் பார்த்தான். பேனையை மூடி வைத்தான்.

“ஏன்?”

“ஆணி கழராமல் இருக்கத்தான் இந்தக் கம்பி, சேர். இறுகிற பக்கம் இழுக்கவேணும். இது கழருற பக்கம் இழுக்குது.”

“அப்ப மற்ற ரெண்டு பேரும் குருடரோ?”

“அவை கம்பி இருக்கோ எண்டு பாத்திருக்கினம். எந்தப் பக்கம் எண்டு பாக்கேல்லை.”

“சரி. பைலட் நிண்டு கத்துறான். மந்திரி உள்ளுக்கை இருந்து பேப்பராலை விசிறுறார். என்ன செய்வீர்?”

“விசிறட்டும், சேர்.”

அடைக்கலநாதன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டார். “இஞ்சை கனபேர் வருவினம். கெட்டிக்காரர்தான். ஆனா, முன்னாலை நிக்கிறவரின்ரை மனம் நோகும் எண்டு இல்லாததை எழுதிப்போடுவினம். நீர் எழுதமாட்டீர்.”

தில்லைநாதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்டாந்திகதி வாரும்.”

வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்ற மாமா அவனுடைய முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. “என்னவாம்?” என்றார். கிடைத்துவிட்டது என்று அவன் சொன்னதும், நடு வெய்யிலில் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

மாமி படலையிலேயே நின்றார். மாமா தலையாட்டியதைக் கண்டு இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“என்ரை பிள்ளையின்ரை வாய் பலிச்சிட்டுது. இன்னொருக்காச் சொல்லும் தம்பி. அவள் சொன்ன மாதிரியே சொல்லும்.”

அவன் சொன்னான். ஒரு சொல்லும் மாறவில்லை.

“தன்ரை வருத்தத்தைக்கூட நினைக்கேல்லைப் பாருங்கோ,” என்று மாமி மாமாவைப் பார்த்தார். முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்தது.

தில்லைநாதன் அறைக்குள் போய்ச் சேட்டைக் கழற்றினான்.

விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். கமலாவதி பாயில் கிடந்தபடி அவனுடைய சேட்டு நுனியைப் பிடித்திருந்தாள். கை நெருப்பாகக் கொதித்தது. பஸ் போய்விடும் என்று அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். அப்போது அவள் சொன்னாள்:

“இண்டைக்கு ஒரு நாள் என்னோடை இருங்கோவன்.”