இரண்டு ரூபாய்தானே

"சீட்டாடுறவனுக்கா என் பொண்ணு? நல்லா இருக்குது நியாயம்!"

ருக்மணி போட்ட சத்தம், பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறியின் சத்தத்தையே அமுக்கிவிட்டது. பிரபாகர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். உள்ளறைக் கதவோரம் நின்ற கீர்த்தி, 'இதையெல்லாம் உன்னை யார் சொல்லச் சொன்னது?' என்று கண்ணாலேயே எரித்தாள்.

பாவம், என்ன பண்ணுகிறாய் என்று கேட்டதற்கு அவன் உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். நகரி பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை. சாயங்காலமானால் போனில் காசு வைத்துப் போக்கர் சீட்டாட்டம். ஆந்திராவுக்குள் அந்த ஆட்டத்துக்குத் தடை, போனில் திறக்காது. அதனால் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய், ரோட்டோரமாக நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவான். இந்த ஊரில் அப்படிப் போகிறவர்கள் நிறைய உண்டு. மறைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பிறகு மாட்டுவானேன் என்று நினைத்தான். இப்போது பார்த்தால் கல்யாணத்துக்கே வேட்டு. இன்று கீர்த்தியின் அப்பா தலையாட்டாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நாயுடுபேட்டை கம்பெனி மாப்பிள்ளையோடு அவளுக்கு நிச்சயம்.

அந்த அப்பா, ஆதிநாராயணன், எழுந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்றுதான் பிரபாகர் எதிர்பார்த்தான். அவரோ மனைவியைக் கையமர்த்தினார்.

"நீ சும்மா இரு ருக்கு. பையன் பேசட்டும். ஏம்ப்பா, அதுல காசு வருதா இன்னா?"

"கொஞ்சம் வருது மாமா..." ருக்மணி பார்த்த பார்வையில் 'மாமா' மாறிப்போனது. "வருது சார். சின்ன ஆட்டம்தான். கையில ரெண்டு சீட்டு தருவான். நல்லா இல்லன்னா கீழ போட்டுட்டு ஒதுங்கிடணும். நான் முக்கால்வாசி தடவ போட்டுடுவேன்."

"எல்லாத்தையும் போட்டுட்டா எப்பிடி ஜெயிக்கறது?"

"அங்கதான் சார் விஷயமே. ரெண்டு ரூபாதானே, அடுத்த சீட்டையும் பாத்துடலாம்னு உள்ள போவோம். அப்பிடிப் போயிப் போயிதான் மொத்தமும் கரையுது. பெரிய ஆட்டத்துல தோக்கறவன் கம்மி சார்."

ஆதிநாராயணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, ரெண்டு ராஜா வந்தும் தோத்துட்டா?"

பிரபாகர் விழித்தான். பெண் கேட்டு வந்த இடத்தில் இதென்னடா பரீட்சை? "அன்னிக்கு எழுந்து வந்துடணும் சார். விட்டதைப் புடிக்கறேன்னு ஒக்காந்தா அவ்ளோதான்."

"உனக்குக் காசு வருதுன்னா யாரோ ஒருத்தனுக்குப் போவுதில்ல?"

"போவுது சார். 'கோல்டு ஸ்டார்'னு பேர் வச்சிக்கினு ஒருத்தர் வருவாரு. நெஜப் பேரு, ஊரு ஒண்ணும் தெரியாது. குப்பைச் சீட்டு வந்தாலும் கீழ போட மாட்டாரு. தோக்கத் தோக்க ஜாஸ்தி வைப்பாரு. என் வருமானத்துல பாதி அவரு புண்ணியம்தான்."

ஆதிநாராயணன் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "ஒருத்தன் அழியறான், நீ அதைப் பாத்துக்கினே காசு வாரிக்கினு வந்தியா? வெக்கமா இல்ல?"

தொலைந்தது, எல்லாம் தொலைந்தது. பிரபாகருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்ல சார், சொல்லிப் பாத்தேன். 'அண்ணா, இன்னிக்கு உங்களுக்கு நேரம் சரியில்ல, வீட்டுக்குப் போங்க'ன்னு மெசேஜ் போட்டேன். கெட்ட வார்த்தைல திட்டினாரு. அப்பறம் அவரு சூடாயிட்டாருன்னு தெரிஞ்சா நானே ஆட்டத்தை மூடிட்டு வந்துடறேன். எனக்கு நஷ்டம்தான். இன்னா பண்றது, மனசு கேக்கல."

ஆதிநாராயணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ருக்கு, நாயுடுபேட்டைக்காரங்களுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடு. மாப்பிள்ளை இவன்தான்."

"உங்களுக்கு இன்னா கிறுக்கு புடிச்சிடுச்சா?" ருக்மணி வாயைப் பிளந்தாள்.

"நெஜமாவா நைனா?" கீர்த்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிரபாகருக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திட்டிய வாயாலேயே மாப்பிள்ளை என்கிறாரே மனிதர்! கும்பிட்டுவிட்டு, அவர் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று வாசலுக்கு வந்து பைக்கில் சாவியைப் போட்டான். பின்னாலேயே ஆதிநாராயணன் வந்து அவன் தோளைப் பிடித்தார். மனைவி வருகிறாளா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்குத் திட்டினதை மனசுல வச்சிக்காதப்பா."

என்றைக்கு? இவரை இன்றுதானே முதன்முதலாகப் பார்க்கிறோம்? பிரபாகர் குழம்பிப்போய், "பரவால்ல மாமா" என்றான்.

"கல்யாணத்துல சீர், நகைன்னு என்கிட்ட எதுவும் எதிர்பாக்காத."

"அய்யோ, எனக்கு எதுவுமே வேணாம் மாமா. கீர்த்தி போதும்."

"அதுக்கில்லப்பா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ கல்யாணத்துக்குன்னு சேத்து வச்சதெல்லாம் போன வருசத்துல இருந்தே உன் கைக்குத்தான் வந்துகினு இருக்குது."